இடது தோள் விவகாரம்

சிலைக்கு முன்பக்கம் எது என்ற கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பேரவைத் தலைவர் நாடா வெட்ட வேண்டும். நாடாவை முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். ஆனால் நுண்கலைப் பேரவையின் புதிய கட்டட வாசலுக்கென்று செய்யப்பட்ட அந்த இரும்புச் சிலைக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, வாயும் இல்லை. எங்கே நின்று பார்த்தாலும் அது வேறு எங்கேயோ பார்ப்பதுபோல இருந்தது. ஆகவே பேரவை ஒரு குழுவை அமைத்துப் பட்டறைக்கு அனுப்பியது.

சிலையைச் செய்தவளைக் கலைக் கல்லூரி நாளிலிருந்தே எல்லாரும் கோணல் என்றுதான் கூப்பிடுவார்கள். மனித உடம்பைக் கோணமும் கூம்பும் பட்டையுமாகப் பிரித்துப் பார்ப்பது அவள் பழக்கம். நிற்கிற ஆளை ஒரே மடிப்பில் நிறுத்திவிடுவாள். குனிகிற ஆளுக்கு இரண்டு முக்கோணம் போதும். அதற்கு மேல் ஒரு கோடு போட மாட்டாள். ஆனாலும் பார்க்கிறவர்கள், "ஐயோ, களைச்சுப் போயிருக்கானே" என்பார்கள். வெறும் தகட்டுக்குக் களைப்பு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. பேரவைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை அவளுக்குப் பட்டறையாகக் கொடுத்திருந்தார்கள். இத்தனை வருடத்து வேலையும் அதற்குள்தான் நெருக்கியடித்து நின்றது.

"முகம் எங்கேம்மா?" என்று கேட்டார் செயலாளர். பேரவையின் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வருவதற்கு முன்னாலேயே அவர் சத்தம் வந்துவிடும்.

"முகம்னு தனியா இல்லைங்க. மொத்த உடம்புமே முகம் மாதிரிதான்."

"அப்ப முன்பக்கம்?"

அழகியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்பக்கம்ங்கறது ஒரு மனநிலை."

"மனநிலைக்கு முன்னாடி நாற்காலி போட முடியாதுங்க" என்றார் செயலாளர்.

சட்ட ஆலோசகர் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "முழங்கால் எந்தப் பக்கம் இருக்கோ, அதுதான் முன்பக்கம். முழங்கால் பின்னாடி இருக்கிறதுக்கு சட்டப்படி வாய்ப்பே இல்லை."

பிரச்சினை தீர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் எந்த இடத்தில் நிற்பார் என்று பார்ப்பதற்காகச் செயலாளர் முழங்காலுக்கு எதிரே போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியரும் வந்து நின்று பார்த்தார். பிறகு சட்ட ஆலோசகர். மூன்று பேரும் அவசரமாக வெளியே போனார்கள்.

சிலையின் இடது தோள் வலது தோளைவிடக் கீழே இறங்கியிருந்தது.

இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்று கோணலுக்குத் தெரியாது. தலைவரை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். பேரவையில் இருந்த மற்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்னவென்றால், தலைவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும். எப்போதோ பட்ட அடி. கோட்டின் இடது தோளுக்குள் தையல்காரர் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். அந்தப் பஞ்சைப் பற்றி யாரும் பேசியது கிடையாது. பேசக் கூடாது என்று உத்தரவும் கிடையாது. உத்தரவு போட்டால் அதில் தோளைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் அல்லவா?

மறுநாள் காலையில் அவள் வந்தபோது கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது.

"விசாரணை முடியறவரைக்கும்" என்றார் செயலாளர்.

"என்ன விசாரணை?"

"அதை விசாரணையில சொல்லுவாங்க."

விசாரணை பேரவையின் நீள மேஜை அறையில் நடந்தது. ஒரு பக்கம் மூன்று பேர். எதிர்ப்பக்கம் ஒரே நாற்காலி. அது கொஞ்சம் தாழ்வாக இருந்தது. உட்கார்ந்தால் மோவாய்க்கு நேரே மேஜை விளிம்பு வந்தது.

"இடது தோளை ஏன் இறக்கினீங்க?" என்று சட்ட ஆலோசகர் ஆரம்பித்தார்.

"அது அப்படித்தான் இருக்கும். அந்தப் பொம்பளை அப்படித்தான் உக்காருவா."

"யாரை மனசுல வெச்சு இறக்கினீங்கன்னு கேக்கறேன்."

"நீங்க யாரை நினைச்சுக் கேக்கறீங்க?"

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சட்ட ஆலோசகர், "இந்தப் பேரவையில யாரோட தோளும் இறங்கியில்லைன்னு பதிவாகட்டும்" என்றார்.

"நான் யாரோட தோளும் இறங்கியிருக்குன்னு சொல்லலையே."

"சொல்லலைன்னும் பதிவாகட்டும். சொல்லாததையே இவ்வளவு பெரிசா செஞ்சு வாசல்ல வெக்கப் போறீங்க. அதுதான் குற்றச்சாட்டு."

என்ன குற்றம் என்று தெரிந்தால் இல்லையென்றாவது சொல்லலாம். "நான் என்னதான் செய்யணும்?"

பேராசிரியர் குழைந்தார். "பாரும்மா, சமநிலைதான் அழகு. நானே நாற்பது வருஷம் சமநிலையை எதிர்த்துப் பாடம் நடத்தினவன்தான். ஆனா வகுப்பறை வேற, வாசல் வேற. தோளை மட்டும் நேராக்கிடு. மத்த எதையும் நாங்க தொடலை. கலைஞரோட சுதந்திரத்துல பேரவை தலையிடாது."

"இல்லேன்னா?"

செயலாளர் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைத் தனியாகப் பிரித்து மேஜைமேல் வைத்தார். "கொட்டகையில இருக்கிறது கலையா, பழைய இரும்பான்னு முடிவு பண்ற அதிகாரம் பேரவைக்குத்தான் இருக்கு" என்றார். கோபமே இல்லாமல், வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பொம்பளை வேறு யாருமில்லை. கோணலின் அக்காதான். எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கித் தூக்கியே இடது தோள் இறங்கிப்போனது. வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே தூங்கியும்விடுவாள். இவ்வளவு அசையாமல் போஸ் கொடுக்கும் ஆள் கோணலுக்கு வேறு எங்கே கிடைப்பார்கள்? எதிரே உட்கார்ந்து அட்டையை வெட்டி வெட்டி மடித்துப் பார்ப்பாள்.

அன்றைக்கு அக்கா தூங்கவில்லை. முழுக் கதையையும் கேட்டாள்.

"இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நேராக்கிக் குடுத்துட்டு வாடி. என் தோளையா நேராக்கச் சொல்றாங்க?"

"நேராக்கினா அது நீ இல்லைக்கா."

"இப்ப மட்டும் நானா? கண்ணு இல்ல, காது இல்ல. அட்டையைப் பக்கத்து வீட்டம்மாகிட்ட காட்டினா, இஸ்திரிப் பெட்டியான்னு கேக்கறாங்க."

"தோள் இருக்கேக்கா."

அடுப்பில் பால் பொங்கியது. அக்கா எழுந்து போய் அணைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "கொட்டகைக்குள்ள உன் வேலை எல்லாமே மாட்டிக்கிட்டுக் கெடக்கு. யோசிச்சுச் செய்" என்றாள். அந்த முதுகில் தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோணல் பார்த்தாள். தன் கணக்கில் ஒரு விரற்கடை குறைத்துத்தான் செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

பேரவை பொறுமை இழக்கவில்லை. பீடத்துக்கு இடது பக்கம் ஆப்பு வைத்துத் தூக்கினால் தோள் தானாகவே நேராகிவிடும் என்று செயலாளர் கண்டுபிடித்தார். அதில் கலைஞரின் சுதந்திரத்திலும் கை வைத்ததாகாது. சிலையைக் கிரேனில் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டட வாசலில் வைத்து, மரக்கட்டையைச் செருகி, இரண்டு தோளிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நட்டநடுவில் நின்றது. கைதட்டினார்கள். ஓரமாக நின்றுகொண்டிருந்த கோணல் கண்ணை மூடிக்கொண்டாள். உட்கார்ந்திருந்த பெண் இப்போது முக்காலியிலிருந்து விழப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

பேரவையின் போட்டோகிராபர் ஒத்திகைக்கு ஒரு படம் எடுத்தார். கேமராவைப் பார்த்தார். மறுபடியும் எடுத்தார். "சிலை நேரா இருக்குங்க. ஆனா கட்டடம் சாஞ்சிருக்கு."

செயலாளர் கட்டடத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இது யார் காலத்துல கட்ட ஆரம்பிச்சது?"

"போன தலைவர் காலத்துல."

"அப்ப சாஞ்சிருக்க வாய்ப்பிருக்கு" என்றார் செயலாளர்.

கட்டடத்தைச் சோதிக்க ஒரு துணைக்குழு போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. முன்னறிவிப்பு இல்லாமல் தலைவர் வந்துவிட்டார்.

சிலையைத் துணி போட்டு மூட நேரமில்லை. பேராசிரியர் தன் உடம்பாலேயே மறைக்கப் பார்த்தார். தலைவர் அவரை மென்மையாக ஒதுக்கிவிட்டு, முழங்காலுக்கு எதிரே, சரியாக முன்பக்கத்தில் போய் நின்றார். கனத்த ஆள். கோட்டுத் தோள்கள் இரண்டும் கோடு போட்டதுபோல நேராக இருந்தன.

"கட்டை எதுக்கு?" என்றார்.

செயலாளர் சாவிக்கொத்தைத் தடவினார்.

"எடுங்க."

எடுத்தார்கள். சிலை மெல்ல, பெருமூச்சு விட்டதுபோல, தன் இடத்துக்குத் திரும்பியது. இடது தோள் இறங்கியது. தலைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு ஒன்று துடிப்பதை மட்டும் கோணல் பார்த்தாள்.

"செஞ்சவங்க மட்டும் இருக்கட்டும். மத்தவங்க உள்ள போங்க."

சாவிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று மூக்குகள் ஒட்டிக்கொண்டன.

"இது யாரு?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். யாருமில்லை, கற்பனை என்று சொன்னால் கொட்டகையாவது பிழைக்கும். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது. "எங்க அக்கா" என்றாள்.

"என்ன பண்றாங்க?"

"நர்ஸு. ஆளுங்களைத் தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு."

தலைவர் வலது கையை எடுத்துத் தன் இடது தோள்மேல் வைத்து அழுத்தினார். பஞ்சு அமுங்கியது. அழுத்த அழுத்த, கோட்டுக்குள் தோள் எங்கோ ஆழத்தில் இருந்தது. அப்போதுதான் கோணலுக்கு எல்லாம் விளங்கியது. புதுப் பூட்டு, தாழ்ந்த நாற்காலி, ஆப்பு எல்லாமே.

"அவங்களுக்கு வலிக்குமா?"

"வெயில் காலத்துல தெரியாதுங்க. குளிர் வந்தா வலிக்கும். ராத்திரியில."

"எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"மல்லாந்துதான். தலையணையைத் தோளுக்கு அடியில வெச்சுக்குவாங்க."

"தோளுக்கு அடியிலயா?" என்று தலைவர் யோசித்தார். "நான் பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கேன். சரிப்படலை."

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். மூக்குகள் வெளியே ஓடிவந்தன. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று உலுக்கினார்கள். தலையணையைப் பற்றிப் பேசினார் என்று அவள் சொன்னாள். செயலாளர் வெளிறிப்போனார். இரகசியச் சொல்லாக இருக்கும் என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள்.

திறப்பு விழாவன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோணலுக்கு மேடையில் இடம் போட்டிருந்தார்கள். கௌரவமா, கைதுக்கு வசதியா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேராசிரியர் பையில் இரண்டு உரைகள் வைத்திருந்தார். ஒன்று சிலையைப் புகழ்ந்து, இன்னொன்று வருந்தி. எதை எடுப்பது என்று தலைவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம்.

தலைவர் கோட்டு இல்லாமல் வந்தார்.

வெள்ளைச் சட்டை. இடது தோள் கையளவு கீழே. கூட்டத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. கைதட்டவும் பயம், தட்டாமல் இருக்கவும் பயம். தலைவர் நாடாவை வெட்டினார். துணி விழுந்தது. சிலையும் அவரும் எதிரெதிரே, ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தார்கள். "இந்தச் சிலை அப்படியே இருக்கட்டும்" என்றார். வேறு பேசவில்லை.

பின்வரிசையில் யாரோ ஒரே ஆள் கைதட்டுவது கேட்டது. அக்காதான் என்று கோணலுக்குப் பார்க்காமலே தெரிந்தது. உடனே பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"நாற்பது வருஷமா நான் சொல்லிக்கிட்டு வர்றேன்! சமநிலைங்கறது ஒரு பொய். நேரான தோள் பாரம் சுமக்காத தோள். இறங்கின தோள்தான் உழைப்போட இலக்கணம், தலைமையோட இலக்கணம்!" என்று முழங்கினார். முழங்கும்போதே அவருடைய இடது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முன்வரிசையில் செயலாளரின் தோள் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

கொட்டகைச் சாவி அன்று மாலையே கோணலிடம் வந்தது. செயலாளர் அதைச் சாய்வாக நின்று கொடுத்தார்.

அதற்குப் பிறகு பேரவை முழுவதும் சாய்ந்துவிட்டது. தையல்காரர் மற்ற எல்லார் கோட்டிலும் இடது பக்கத்தைப் பிரித்துத் தைத்தார். நுழைவுக் கூடத்திலிருந்த பழைய மார்பளவுச் சிலைகளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அவற்றின் தோள்கள் நேராக இருந்தது கவனத்துக்கு வந்திருந்தது.

ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சிரித்தாள். "உங்க பேரவைக்காரங்க வார்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்கடி. எல்லாருக்கும் இடது தோள் பிடிச்சுக்கிச்சாம். அந்தச் சாவிக்கொத்துக்காரரும் வந்தாரு. நேரா உக்காருங்க, சரியாயிடும்னேன். 'அதைத் தவிர வேற என்ன வைத்தியம்னாலும் சொல்லுங்கம்மா'ங்கறாரு. கண்ணுல தண்ணி."

கோணலுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் அவளைப் பேரவையின் தேர்வுக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள்.

முதல் கூட்டத்துக்குப் போனாள். அதே நீள மேஜை. தலைவர் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் கோட்டு நாற்காலி முதுகில்தான் தொங்கியது. அவரைச் சுற்றி எல்லாரும் ஒரே பக்கம் சரிந்திருந்தார்கள். கோணலுக்கு மூவரோடு சேர்த்து இந்தப் பக்கம் இடம். நாற்காலி உயரமாக, மெத்தென்று இருந்தது. எதிரே, தாழ்ந்த நாற்காலியில், உருளை உட்கார்ந்திருந்தார். மரத்தை உருளை உருளையாகக் கடைந்து ஆள் செய்கிற சிற்பி. அவளுக்குக் கல்லூரியில் இரண்டு வகுப்பு மூத்தவர். அவர் செய்த நிற்கும் மனிதன் மேஜைமேல் இருந்தது. அகலமான நேர்த்தோள்கள்.

"யாரைக் குத்திக்காட்ட இந்தத் தோளை நேராக்கினீங்க?" என்று சட்ட ஆலோசகர் கேட்டார்.

"யாரையும் இல்லீங்க. மரம் அப்படி இருந்துச்சு" என்றார் உருளை. அவர் பட்டறைக்கும் காலையில் பூட்டுப் போட்டிருந்தார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இடது தோளை இறக்க மறுக்கிறார்னு பதிவாகட்டும். இதுல நிபுணர் கருத்து என்ன?"

எல்லாரும் கோணலைப் பார்த்தார்கள். உருளையும் பார்த்தார். அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் மேஜையைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். மரம்தானே, கொஞ்சம் சீவினால் இறங்கிவிடும் என்று சொன்னால் கூட்டம் முடிந்துவிடும். அவள் கொட்டகை அவளிடம் இருக்கும். தன் வாயில் அந்த வார்த்தை தயாராக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

எழுந்தாள். மெத்தென்ற நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் கிறீச்சென்று கத்தியது. மேஜையைச் சுற்றி, சட்ட ஆலோசகரையும் பேராசிரியரையும் தாண்டி, தலைவருக்குப் பின்னால் புகுந்து இழுத்துக்கொண்டே போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு விதி இல்லை. உருளைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கொட்டகைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப கேளுங்க" என்றாள்.

செயலாளரின் கை சாவியை நோக்கி நீண்டது. பாதியில் நின்று, அது தலைவருக்காகக் காத்தது.

தலைவர் நிமிர்ந்தார். மேஜையைச் சுற்றிச் சரிந்திருந்த ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டு வந்தார், முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல. அவர் முகம் சிவந்தது. நாற்காலி முதுகிலிருந்த கோட்டை எடுத்து, வலிக்கிற கையை முதலில் நுழைத்து, மெதுவாகப் போட்டுக்கொண்டார். பழைய கோட்டு. பஞ்சு இன்னும் உள்ளேதான் இருந்தது. இடது தோள் மேலே வந்தது.

"சாவியை எடுத்துக்கோங்கம்மா" என்றார். "அவர் பட்டறையைத் திறந்து விடுங்க. அந்த மரம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அடுத்த விஷயம் என்ன?"

பேராசிரியரின் தோள் ஏறியது. சட்ட ஆலோசகரின் தோள் ஏறியது. செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினார். யாருடைய எலும்போ சடக்கென்று ஒலித்தது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் மட்டும், எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.